கொக்கு முத்திரை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். உன் உடம்பைப் பற்றி ஒரு வரியாவது எழுது. போன கடிதத்தில் அந்த வரி வரவேண்டிய இடத்தில் மழையைப் பற்றி எழுதியிருந்தாய்.

எனக்கு வேலை பழகிவிட்டது. பழைய தங்கம், வெள்ளி வாங்குகிற கடை என்று முன்பே சொன்னேன். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு தராசு, தடிமன் அளக்க ஒரு வெர்னியர், ஒரு குவளைத் தண்ணீர், சில அமிலப் புட்டிகள், நான். கூட்டம் இல்லாதபோது படிப்பதால் முதலாளி என்னை டீச்சர் என்று கூப்பிடுகிறார். அந்த மரியாதை சம்பளத்தில் தெரியவில்லை.

நேற்று உங்கள் ஆலையில் அடித்த வெள்ளி வில்லை ஒன்று கடைக்கு வந்தது. ஒரு பக்கம் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, மறு பக்கம் ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி என்ற எழுத்து. நல்ல காசு என்று சொன்னேன். முதலாளி உடனே திருத்தினார். “காசுன்னா அரசாங்கம் அடிக்கணும் டீச்சர். இது வில்லை. மெஷின் வச்சிருக்கிற எவன் வேணும்னாலும் அடிக்கலாம்.” அப்புறம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். காசுக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் நிற்கிறது. வில்லைக்குப் பின்னால் அடித்தவனுடைய வார்த்தை மட்டும்தான் நிற்கிறது. அடித்தவன் என் அண்ணன் என்று அவரிடம் சொல்லவில்லை. வேலையையும் வீட்டையும் கலக்க எனக்குப் பிடிக்காது. வில்லை எல்லாச் சோதனையிலும் தேறியது.

கேட்டு வாங்கி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். “கால் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ண அடிக்க மறந்துட்டானா?” என்றாள். நீயே பதில் எழுதிவிடு, வாசித்துக் காட்டுகிறேன்.

உன் தங்கை

(இரண்டாம் தாள்)

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் போலவே இந்தத் தாள் உனக்கு மட்டும், அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவின் கண் இனித் தெளியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளிடம் சொட்டு மருந்து போட்டால் சரியாகும் என்று சொல்லியிருக்கிறேன்.


பிப்ரவரி 20

பூச்சிக்கு,

நான் திடமாக இருக்கிறேன். காதில் மட்டும் இயந்திரத்தின் இரைச்சல் ஓய்வதில்லை. படுத்த பிறகும் ஓடுகிறது. உங்கள் இருவருக்கும் குளிர் ஒத்துக்கொள்கிறதா?

அம்மாவிடம் சொல்: இன்னொரு காலை இறகுக்குள் மடக்கி வைத்திருக்கிறது. அச்சு வெட்டியவரைக் கேட்டேன். ஒரு காலுக்குத்தான் கூலி பேசினார்களாம்.

உனக்கு எழுத விட்டுப்போனது, போன வருஷமே எனக்கு ஒரு உயர்வு. அச்சு மாட்டுவது இப்போது என் பொறுப்பு. மேல் அச்சில் கொக்கு, கீழ் அச்சில் எழுத்து. இரண்டையும் நேர் பார்த்து, ஆப்பு வைத்து இறுக்கி, முதல் வில்லையை நான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மற்றவை அடிபடும். அச்சை வேறு யாரும் தொடக்கூடாது. உன் புத்தகத்தை யாரையும் தொடவிடாமல் சின்ன வயதில் ஊரைக் கூட்டுவாயே புத்தகப் பூச்சி, அந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்கொட்டகையிலும் வேலை வைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டுக்கு வருவது தள்ளிப்போகும். ஆலைக்குள் போன் கூடாது என்பதும் மாறவில்லை. கடிதமே போடு.

அண்ணன்

(இரண்டாம் தாள்)

கண் விஷயத்தை நீ சொல்ல வேண்டாம். நான் வரும்போது சொல்கிறேன்.


மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் இருவர். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்கிறாள் அம்மா. ஒரு காலுக்குக் கூலி என்றதைக் கேட்டு அவள் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. எதிர் வீட்டுக்காரியிடம் அதை இரண்டு தடவை சொல்லிவிட்டாள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள்.

உன் தங்கை

(இரண்டாம் தாள்)

வயதான தையற்காரர் ஒருவர் கொக்கு வில்லைகள் பத்து கொண்டுவந்தார். விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டதாம். ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. தையலை நிறுத்துகிற நாளுக்கென்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தவை.

எடை சரியாக இருந்தது. அமிலம் விட்டால் வெள்ளி என்றது. ஆனால் வெர்னியரில் எல்லாம் நல்ல வில்லையைவிடத் தடிமனாக இருந்தன. ஒவ்வொன்றையும் நூலில் கட்டி, தராசின் மேல் வைத்த தண்ணீரில் தொங்கவிட்டேன். சுத்த வெள்ளியானால் தராசு மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக ஏற வேண்டும். மூன்றரை ஏறியது, அதாவது உள்ளே வெள்ளியைவிட லேசான ஏதோ உலோகம். பெரியவரைக் கேட்டுக்கொண்டு ஒன்றின் விளிம்பில் அரம் போட்டேன். வெள்ளித் தோலுக்கு அடியில் சிவப்பாகச் செம்பு.

பத்தும் அப்படித்தான். அவர் கோபப்படவில்லை. அரம் போட்ட வில்லையை வெளிச்சத்தில் பிடித்து, துணியின் தையலைப் பார்ப்பது போல் நெடுநேரம் பார்த்தார். “யார் அடிச்சானோ தெரியலம்மா. ஆனா நல்ல வேலைக்காரன். கொக்கோட இறகெல்லாம் எப்படி விழுந்திருக்கு பாரு” என்றார். பத்தையும் கடையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

எனக்கு முகம் சுட்டது. யாரோ வெளியாட்கள் உங்கள் முத்திரையைக் களவாடுகிறார்கள் அண்ணா. உங்கள் ஆலைக்காரர்களிடம் உடனே சொல். இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.


ஏப்ரல் 2

பூச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். அம்மாவின் இருமல் நின்றதா? பஞ்சு வைத்துப் பார்த்தேன். இரைச்சல் உள்ளேயே இருப்பதால் வெளியே அடைத்துப் பயனில்லை.

வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை. எதிர் வீட்டு அம்மாவுக்கு மூன்றாவது தடவையாவது புரிந்ததா?

அண்ணன்


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம், நீயும் அப்படியே என்று நம்புகிறோம். உன் கடிதம் இவ்வளவுதானா என்று அம்மா கேட்டாள். நாலு வரியை நீட்டி நீட்டி வாசித்தும் தாள் முடிந்துவிட்டது. தோட்டத்துக் குழாயைப் பழுது பார்த்ததாக நானே ஒரு வரி சேர்த்தேன். அங்கே தோட்டம் இருக்கிறதா என்று தெரியாது.

உன் தங்கை

(இரண்டாம் தாள்)

உன் உறைக்குள் இரண்டாம் தாள் இல்லை. மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று உறையைக் கிழித்தே பார்த்தேன்.

வெளியாட்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை. கடையில் இருக்கிற நல்ல கொக்கு வில்லையையும் தையற்காரருடைய வில்லையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டிலும் கொக்கின் பாதத்திலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு மேடான கோடு ஓடுகிறது. முதலாளியிடம் பொதுவாகக் கேட்டேன். அச்சில் விரிசல் விட்டால் வில்லையில் இப்படிக் கோடு விழும் என்றார். கொக்கைப் பார்த்து இன்னொருவன் கொக்கு வெட்டலாம். அதே இடத்தில் அதே வளைவில் விரிசலையும் வெட்டுவானா?

ஒரே அச்சுதான். அதை உன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று நீதான் எழுதினாய்.

உனக்குத் தெரியாமல் யாரோ எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுது. நான் நம்புகிறேன்.


ஜூலை 8

பூச்சிக்கு,

தாமதத்துக்கு அம்மா கோபப்பட்டிருப்பாள். காய்ச்சல் இரண்டு தடவை வந்து போனது, இப்போது இல்லை. நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள்தானே?

தோட்டத்துக் குழாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சரியாகிவிட்டது.

பூச்சி, கடையில் வில்லைகளை நீ எப்படிப் புரட்டுகிறாய்? தோசையைத் திருப்புகிற மாதிரி மேலும் கீழுமாகப் புரட்டாதே. கொக்கை நேராகப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தில் பக்கம் புரட்டுவது போல் பக்கவாட்டில் புரட்டு. உன்னைப் போல் படிக்கிறவளுக்கு அதுதான் பொருத்தம்.

அம்மாவிடம் நான் இளைக்கவில்லை என்று சொல்.

அண்ணன்


ஜூலை 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. காய்ச்சல் என்றதும் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கஷாயப் பொடி அனுப்பச் சொன்னாள், தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ குடிக்க மாட்டாய் என்று அவளுக்கும் தெரியும்.

உன் தங்கை

(இரண்டாம் தாள்)

பக்கம் புரட்டுவது போல் புரட்டிப் பார்த்தேன்.

நல்ல வில்லைகளில் கொக்கும் நேராக இருக்கிறது, புரட்டினால் எழுத்தும் நேராக இருக்கிறது. தையற்காரருடையவற்றில் கொக்கு நேராக, எழுத்து தலைகீழாக. அதன் பிறகு கடைக்கு வந்த கொக்கு வில்லை ஒவ்வொன்றையும் முதலில் புரட்டினேன், பிறகு தண்ணீரில் போட்டேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எழுத்து தலைகீழானால் உள்ளே செம்பு.

ஆக, செம்பு அடிக்கிற நாளில் கீழ் அச்சை நீ அரைச்சுற்று திருப்பி மாட்டுகிறாய். யாராவது என்றாவது கவனிக்கட்டும் என்று. உனக்குத் தெரியாது என்று எழுதச் சொல்லிக் கேட்டேன். தெரியும் என்று நீ வில்லையிலேயே சொல்லியிருக்கிறாய். நிம்மதியாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அழுதேன். முதலாளியிடம் அமிலப் புகை என்றேன்.

நான் ஒன்று செய்துவிட்டேன். புரட்டிப் பார்க்கிற முறையை மட்டும் முதலாளிக்குக் காட்டினேன். நானாகக் கண்டுபிடித்தது என்றேன். உன்னைப் பற்றியோ அச்சைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. யாரோ வெளியில் போலி செய்கிறான், அச்சை மாட்டத் தெரியாத மடையன் என்று அவர் நினைக்கிறார். தெரிந்த கடைகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது.

முழுவதும் சொன்னால் போலீஸ் கேட்கிற முதல் கேள்வி அச்சு மாட்டியது யார் என்பதுதான். அதற்குப் பதில் நீ. அதனால் பாதி மட்டும் சொன்னேன். இனி யாரும் ஏமாற மாட்டார்கள், நீயும் மாட்ட மாட்டாய். இரண்டும் சேர்ந்தே நடக்கும் அண்ணா. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு.


செப்டம்பர் 3

பூச்சிக்கு,

காய்ச்சல் திரும்பவில்லை. கஷாயப் பொடியை அலமாரியில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி எப்படி? நடக்கச் சொல். உன் கையை அமிலம் படாமல் பார்த்துக்கொள்.

அண்ணன்

(இரண்டாம் தாள்)

நீ சொன்ன பாதி இங்கே வந்து சேர்ந்துவிட்டது. எழுத்து தலைகீழான கொக்கைக் கடைகளில் வாங்க மறுக்கிறார்களாம். விற்கிறவர்கள் வந்து சத்தம் போட, மேஸ்திரி எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார், “எந்தப் பயடா அச்சத் திருப்பி மாட்டுனது?” ஆப்பு தேய்ந்து அச்சு சுற்றிக்கொள்கிறது என்றேன். நம்பினாரா என்று தெரியாது. இப்போது நான் அச்சு மாட்டும்போது பக்கத்தில் வந்து நிற்கிறார்.

மூன்று வாரமாகச் செம்பும் நேராகத்தான் விழுகிறது. புரட்டிப் பார்த்து இனி ஒன்றும் தெரியாது. உன் முதலாளியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்.

வந்துவிடு என்கிறாய். நான் போனால் இந்த இடத்தில் இன்னொருவன் நிற்பான். இதை ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை.


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான். இந்தக் கடிதத்துக்கு ஒரே தாள்.

உன் கடிதம் வருவதற்குள் முதலாளி ஒரு பெட்டி நிறையக் கொக்கு வாங்கிவிட்டார். போன மாதம் புதிதாகச் சரக்கு எடுத்தும் கடை நடத்தி முடியாமல் மூடிய ஒருவரிடமிருந்து. நான் தண்ணீர்க் குவளையை எடுத்தபோது, “எதுக்கு டீச்சர், நீதான சொல்லிக் குடுத்த” என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் நேராக இருந்தன. உன் கடிதம் வந்த மறுநாள் நான் தனியாக உட்கார்ந்து அவற்றைத் தண்ணீரில் போட்டேன். பெட்டியில் பாதிக்கு மேல் செம்பு. மற்ற கடைகளிலும் இதேதான் நடந்துகொண்டிருக்கும். நான் கற்றுக்கொடுத்ததை நம்பித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். “அண்ணன்னா, கூடப் பொறந்தவனா?” என்றார். ஆமாம் என்றேன். “இத அப்பவே சொல்லியிருந்தா நான் தண்ணில போட்டுப் பாத்திருப்பேன்ல” என்றார். டீ வரவழைத்தார், இரண்டு பேரும் குடிக்கவில்லை. பிறகு புகார் எழுத உட்கார்ந்தார். உன் பெயர் வருகிற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“பேரு இல்லாமலும் எழுதலாம் டீச்சர். ஆலைன்னு மட்டும் போட்டுக்கலாம். யோசிச்சுச் சொல்லு.”

“எழுதுங்க சார். அச்ச மாட்டுனவன் பேரு இல்லன்னா, திருப்பி வச்சவன் பேரும் இல்லாமப் போயிடும்.”

எழுதினார்.

இதை உனக்கு முன்கூட்டியே எழுதியிருக்கலாம். புகார் கொடுத்த பிறகுதான் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுகிறேன், வேண்டுமென்றே. முன்னால் போட்டிருந்தால் உனக்குக் கிளம்பிப் போக நேரம் கிடைத்திருக்கும். நீ ஓடிவிட்டால் அந்தத் தலைகீழ் எழுத்து, தெரிந்தே செய்தாய் என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நீ அங்கேயே நின்றால், உன்னால் முடிந்த அளவு சொல்லிக்கொண்டிருந்தாய் என்பதற்கும் சாட்சி. நான் இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகப் போட்டவள் என்பதும் நினைவிருக்கிறது.

அன்று மாலை அம்மாவை உட்கார வைத்து, நீ எழுதிய எல்லாத் தாள்களையும் வாசித்தேன். அவள் கண்ணைப் பற்றிய தாள் உட்பட. கடைசியில், “அவனப் பெத்தவ நான் இங்க உக்காந்திருக்கேன். என்னக் கேக்காம எப்படி அவன் பேரக் குடுத்த?” என்றாள். அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுகிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே நடக்கிறாள், என் கையைத் தொடுவதில்லை.

களைப்பாக இருக்கிறது அண்ணா. படிக்கவும் முடியவில்லை.

உன் தங்கை


டிசம்பர் 5

டயர் கடை மாடி,
பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால்

பூச்சிக்கு,

நான் உயிரோடு, ஒழுங்காக இருக்கிறேன். அம்மாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். பேச்சுக்காகக் கேட்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்னால் போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள். காலையில் வந்தார்கள். முன்கொட்டகையில் நல்ல வெள்ளிதான் ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்கள். அச்சு மாட்டுவது யார் என்று அதிகாரி கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர் கையில் புகார்க் காகிதம் இருந்தது; என் பெயர் அதில் இருப்பது எனக்குத் தெரியாது. நான்தான் என்றேன். நீ போட்ட கணக்கு எதுவும் அப்போது என் தலையில் இல்லை. நிற்க முடியாத அளவு அலுத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

பின்கொட்டகையை நானே திறந்து காட்டினேன். திருப்பி அடித்தவற்றைப் பிரித்துக் கொடுத்தேன். நேராக அடித்தவற்றை என்னாலும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போட்டுப் பார்க்கத் தண்ணீர் கேட்டேன். மேஸ்திரி என் காதில் விழும்படி, “கூட இருந்தே குழி பறிச்சிருக்கான்” என்றார். இன்னொரு அதிகாரி, “தெரிஞ்சேதான ஒரு வருஷம் அடிச்ச?” என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரி.

இப்போதைக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். வழக்கு முடியும்வரை இந்த ஊரைத் தாண்டக் கூடாது. வாரம் ஒரு தடவை போய்க் கையெழுத்துப் போடுகிறேன். கீழே டயர் கடையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தண்டனை குறையுமா, கூடுமா என்று வக்கீலுக்குத் தெரியவில்லை. திருப்பி மாட்டிய அச்சைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்தார். அப்புறம் எழுதிக்கொண்டார்.

நீ செய்தது சரியா என்று நீ என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் உன்மேல் கோபம் இருக்கிறது. என் பேரைக் கொடுத்ததற்காக இல்லை. முன்னால் எழுதாமல் விட்டாயே, அதற்காக. நான் ஓடிவிடுவேன் என்று நினைத்தாய். ஓடியிருப்பேனா என்று எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

இந்தக் கோபம் எப்போது போகும் என்று சொல்லத் தெரியவில்லை. அதுவரை நான் எழுத மாட்டேன். எழுதினால் பொய்யாக எழுதுவேன்; பொய் எழுதியது போதும்.

நீ எழுது. அம்மா பேச ஆரம்பித்துவிட்டாளா என்பதையாவது எழுது. பதில் வரவில்லை என்று நிறுத்திவிடாதே. விலாசம் மேலே இருக்கிறது.

அண்ணன்